உப்புக்காற்றில் கெட்ட சுவிட்ச்: பழையபடி பியானோவா, மாடுலரா?

தங்கச்சிமடத்தில் உள்ள எங்கள் வீட்டின் திண்ணை விளக்குச் சுவிட்ச் சென்ற ஆண்டு மூன்றாவது முறையாகக் கெட்டது. போட்டவுடன் உள்ளே ‘சிர்ர்’ என்று சத்தம் கேட்கும், அதன் பிறகுதான் விளக்கு எரியும். தொட்டுப் பார்த்தால் சுவிட்ச் இளஞ்சூடாக இருக்கும். வடக்கே பாக் நீரிணையும் தெற்கே மன்னார் வளைகுடாவும் சூழ்ந்த ராமேஸ்வரம் தீவு இது என்பதால், கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடித்தாலும் வாடை அடித்தாலும் உப்பு ஈரம் வீட்டுக்குள் வந்துகொண்டுதான் இருக்கும். அந்த ஈரம் சுவிட்சுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கைத் துருப்பிடிக்கவும் தொடுமுனைகளைக் கறுக்கவும் செய்கிறது. முனைகள் இறுகச் சேராதபோது பொறி பறந்து சூடேறுகிறது.

இப்படிப்பட்ட சுவிட்சைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்தும், தேங்காய் எண்ணெய் விட்டும் மீண்டும் மாட்டும் வழக்கம் எங்கள் பகுதியில் இன்னும் இருக்கிறது. தேய்க்கும்போது தொடுமுனையின் மேலுள்ள வெள்ளிக் கலவைப் பூச்சு போய்விடும். எண்ணெயோ தூசியைப் பிடித்துவைப்பதோடு, பொறி பறக்கும் இடத்தில் எரியவும் கூடும். ஆகவே சுவிட்சை மாற்றத்தான் வேண்டும். பலகையில் தனித்தனியாகத் திருகி மாட்டும் பழைய பியானோ சுவிட்சா, சட்டத்தில் அமுக்கிப் பொருத்தும் மாடுலர் சுவிட்சா, எதை மாட்டுவது என்பதுதான் கேள்வி.

பியானோ சுவிட்சின் பெரிய வசதி, கெட்டதை மட்டும் கழற்றி அதே ஓட்டையில் புதியதைப் பொருத்திவிடலாம் என்பதே. விலையும் குறைவு, சிறிய கடைகளிலும் கிடைக்கும். ஆனால் பின்புறத்தில் ஒயர் முடுக்கும் திருகுகள் அதில் பெரும்பாலும் திறந்தே இருக்கின்றன. சன்மைக்கா ஷீட்டுக்குப் பின்னால் இருக்கும் மரப்பெட்டி ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. எங்கள் திண்ணைப் பலகையைத் திறந்தபோது, ஷீட்டைப் பிடித்திருந்த நான்கு திருகுகளில் இரண்டின் தலை திருப்புளி பட்டதும் துருத்தூளாக உதிர்ந்துவிட்டது.

மாடுலர் சுவிட்சில் ஒயர் சிறு துளைக்குள் நுழைந்து முடுக்கப்படுவதால், மின்சாரம் பாயும் பகுதி விரலுக்கு எளிதில் எட்டாது. அது விலை கூடியது. பழைய பலகையில் பொருந்தாது என்பதால் பெட்டி, சட்டம், மூடி எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். மாடுலர் என்றால் உப்பு ஏறாது என்று நம்பி வாங்குவது தவறு, ஏனெனில் விசையைச் சுற்றியுள்ள இடைவெளி வழியாக அதற்குள்ளும் காற்று போகும். கடலோரத்தில் அதன் ஆயுளைச் சுவிட்சைவிடப் பெட்டியே அதிகம் தீர்மானிக்கிறது என்பது என் அனுபவம். இரும்புப் பெட்டி உறுதியானது, அதற்கு எர்த் கொடுக்கலாம். ஆனால் உப்புப் பூத்த சுவருக்குள் அது துருவேறிப் பருத்து, சுற்றியுள்ள பூச்சையும் பிளந்துவிடும். பிவிசி பெட்டி துருப்பிடிக்காது, அதன் திருகுத்துளைகள் மட்டும் அடிக்கடி கழற்றினால் தேய்ந்துபோகும். இந்தக் கரையில் நான் பிவிசி பெட்டியையே தேர்ந்தெடுப்பேன். எந்த வகையானாலும் ஐஎஸ் 3854 என்ற தர எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். விளக்குக்கு 6 ஆம்பியர் சுவிட்ச் போதும்.

ஆயினும் பலகையைத் திறந்து ஒயரைப் பார்ப்பதற்கு முன் இரண்டில் எதையும் வாங்கிவிடக் கூடாது. செம்பின் மேல் பச்சைக் களிம்பு படர்ந்திருந்தால், பளபளப்பான செம்பு தெரியும்வரை நறுக்கிய பிறகே புதிய சுவிட்சில் முடுக்க வேண்டும். அப்படி நறுக்கிய பின் ஒயரின் நீளம் போதாவிட்டாலும், மேலுறை கருகி நொறுங்கினாலும், பழைய வீடுகளில் இருப்பது போல அது அலுமினிய ஒயராக இருந்தாலும், கெட்டது சுவிட்ச் மட்டும் அன்று. உப்பு ஈரத்தில் பித்தளைத் திருகோடு சேர்ந்திருக்கும் அலுமினியம் விரைவாக அரிக்கப்படும். அந்த நிலையில் பலகையை மூடிவிட்டு ஒயர்மேனை அழைப்பதே சரி.

நாமே செய்வதா, ஒயர்மேனிடம் விடுவதா என்பதற்குச் சட்டத்திலும் ஓர் எல்லை உண்டு. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளும், 2010இல் வந்த மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும், மின்பணிகளை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் வழியாகவே செய்ய வேண்டும் என்று சொல்லி, விளக்கு, பியூஸ், சுவிட்ச் போன்றவற்றை இணைப்பின் திறனும் தன்மையும் மாறாதபடி மாற்றுவதற்கு மட்டும் விலக்கு அளித்தன. கெட்ட சுவிட்சுக்குப் பதில் அதே திறனுள்ள ஒன்றை மாட்டுவது இந்த விலக்குக்குள் அடங்கும். புதிய இடத்துக்கு ஒயர் இழுப்பது அடங்காது.

நாமே செய்யும்போது, அந்த அறையின் எம்சிபியை (மின்சாரம் மிகுந்தால் தானே இறங்கும் சுவிட்ச்) மட்டும் இறக்குவதைவிட மெயினையே இறக்குவது பாதுகாப்பானது, ஏனெனில் மும்முனை இணைப்புள்ள வீட்டில் ஒரே பலகைக்குள் வேறொரு பேஸும் (மின்சாரம் வரும் ஒயர்) வந்திருக்கலாம். மெயினை இறக்குவதும் முழுப் பாதுகாப்பு அன்று என்பதை நான் நேரில் கண்டேன். மெயினை இறக்கிவிட்டுத் திண்ணைப் பலகையைத் திறந்து டெஸ்டரை வைத்தேன், சிவப்பாக எரிந்தது. இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருந்ததை நான் மறந்திருந்தேன். அன்றிலிருந்து இன்வெர்ட்டரையும் அணைத்து அதன் வெளியீட்டையும் துண்டித்த பிறகே திருப்புளியை எடுக்கிறேன். டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பிக் கைவைக்கக் கூடாது. மின்சாரம் இருக்கும் பிளக்கில் அதை முதலில் சோதித்து, பிறகு பலகையில் சோதித்து, வேலை செய்கிறதா என்று மீண்டும் அந்தப் பிளக்கிலேயே உறுதிசெய்ய வேண்டும். மெயினை இறக்கினால் வீட்டுப் பிளக்கும் நின்றுவிடும் என்பதால், பக்கத்து வீட்டுப் பிளக் போல மின்சாரம் இருக்கும் வேறோர் இடம் இதற்குத் தேவை. மல்டிமீட்டரானாலும் புதிய பேட்டரி ஒன்றில் வைத்துப் பார்ப்பது மட்டும் போதாது, ஏனெனில் பேட்டரியில் இருப்பது டிசி, வீட்டு இணைப்பில் வருவது ஏசி.

30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறது என்ற தைரியமும் ஓரளவுக்குத்தான் உதவும். உடல் வழியாக நிலத்துக்குக் கசியும் மின்சாரத்தை அது கண்டுகொள்ளும். ஒரு கை பேஸிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால் அதற்குத் தெரியாது. பிளக்கும் சேர்ந்த பலகையில் இந்த இரண்டும் அருகருகே இருக்கின்றன. மாடிப்படியில் இருக்கும் இருவழிச் சுவிட்சில் மூன்று முனைகள் உண்டு என்பதால், எந்த ஒயர் நடுமுனையில் இருந்தது என்பதைக் கழற்றும் முன்பே கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது நல்லது.

கடைசியில் எங்கள் வீட்டில் இரண்டு வகையும் இருக்கின்றன. கூடத்தில் பலகை உறுதியாகவும் ஒயர் சுத்தமாகவும் இருந்ததால், அங்கே பழுதான ஒன்றுக்குப் புதிய பியானோ சுவிட்சை நானே மாட்டினேன். திண்ணை ஒயரோ ஒரு விரல்கடைக்கு மேல் பச்சையாகிவிட்டிருந்தது. உரிமம் உள்ள ஒயர்மேன் வந்து அந்தச் சுவிட்சைக் கடல் பார்த்த சுவரிலிருந்து வாசல் நிலைக்கு உட்புறமாக மாற்றி, பிவிசி பெட்டியில் மாடுலராகப் பொருத்திக் கொடுத்தார்.