வீனஸ் சீப்புச் சங்கு: ஆன்லைனில் கிடைக்கும் மாதிரிக்கு 5-க்கு 3

12 செ.மீ. நீளம், முள்முனைகள் ஏறக்குறைய முழுசு, உள்ளே அழுகல் வாடை இல்லை. சங்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு நட்சத்திரம் போனது பெட்டிக்கும் கூட வந்த அட்டைக்கும்தான்.

பஞ்சில் சுற்றி அனுப்பியிருக்கிறார்கள். மியூரெக்ஸ் பெக்டெனுக்கு (வீனஸ் சீப்பின் அறிவியல் பெயர்) நூறுக்கும் மேல் முட்கள். ஒரு சுற்றுக்கு மூன்று வரிசை, அதுவே நீண்ட வாய்க்குழல் (சங்கின் வால்போல் நீளும் பகுதி) நெடுகவும் இறங்கும். அத்தனையிலும் இழை சுற்றிக்கொள்ளும். இழுத்தால் முள் ஒடியும். பஞ்சோடு வந்துவிட்டால் கூர்முனைக் கத்தரிக்கோலால் இழையைத் துண்டுதுண்டாக வெட்டி, மிச்சத்தை இடுக்கியால் முள்ளின் அடியிலிருந்து நுனிப்பக்கமாக உருவுங்கள். தடித்த ஃபோமில் குழி வெட்டி, உடல்பகுதி மட்டும் தாங்கும்படி, முள் எதிலும் படாமல் வைத்து அனுப்புவதே சரி. கையில் எடுக்கும்போதும் இரண்டு முள்வரிசைக்கு நடுவில் பிடியுங்கள். வாய்க்குழலைப் பிடித்துத் தூக்கினால் அது மட்டும்தான் கையில் இருக்கும்.

ஒடிந்த முள்ளை ஒட்டி விற்பதும் உண்டு. லென்ஸில் பார்த்தால் ஒட்டிய இடத்தில் வளையம் தெரியும். புற ஊதா டார்ச் அடித்தால் பல பசைகள் ஒளிர்ந்து காட்டிக்கொடுக்கும். இதில் அப்படி எதுவும் இல்லை.

அட்டைதான் மோசம். "முட்களால் இரையைக் குத்திக் கொல்லும்" என்று போட்டிருக்கிறது. சுத்த அபத்தம்! முட்கள் தற்காப்புக்கு. இது மணலிலும் சேற்றிலும் வாழ்ந்து மட்டி போன்றவற்றைத் தின்னும் பிராணி. இந்தக் குடும்பத்தில் பல இனங்கள் இரையின் ஓட்டையே துளைத்துவிடும்: ஒரு சுரப்பி விடும் அமிலத் திரவத்தில் ஓடு இளக, ராடுலா என்னும் பல்வரிசை கொண்ட நாக்கு அதைச் சுரண்டும். இந்த உண்மையே போதுமான விளம்பரம். சங்கு பிடிபட்ட இடம், ஆழம், தேதி எதையும் அட்டையில் காணோம். அவை இல்லாத சங்கு அலமாரி அழகுக்கு மட்டும். இனத்தையும் நீங்களே சரிபாருங்கள். மியூரெக்ஸ் ட்ரோஷெலி என்ற நெருங்கிய உறவு இனத்தை இந்தப் பெயரில் தள்ளிவிடுவார்கள். அதற்கு முட்கள் இடைவெளிவிட்டு இருக்கும், உடலில் பழுப்புக் கோடுகள் ஓடும்.

பளபளப்புக்காக எண்ணெய் தடவியிருந்தால் தூசி ஒட்டும். மென்மையான ஓவியத் தூரிகையால் தட்டினால் போதும். வினிகர் கூடவே கூடாது, ஓட்டைக் கரைக்கும். ஓக் மரப் பெட்டியிலும் மூடி வைக்காதீர்கள்: மரத்திலிருந்து வரும் அமில ஆவியால் ஓட்டின் மேல் வெள்ளைப் பொடி பூக்கும், அரிப்பு விழுந்த இடம் திரும்ப வராது.