ஏசிஎல் ஆபரேஷன்: ஹாம்ஸ்ட்ரிங்கா, பிடிபியா?

போன வருடம் டர்ஃபில் ஃபுட்பால் ஆடும்போது இடது காலை ஊன்றிச் சட்டென்று திரும்பினேன். முட்டிக்குள் 'டொப்' என்று ஒரு சத்தம். யாரும் என் மேல் மோதக்கூட இல்லை. எம்ஆர்ஐ எடுத்தால், ஏசிஎல் என்கிற முன் சிலுவை ஜவ்வு முழுசாகக் கிழிந்திருக்கிறது. திருவல்லிக்கேணி வீட்டின் மாடிப்படியில் இறங்கும்போதே முட்டி நழுவ ஆரம்பித்ததால் ஆபரேஷன் என்று முடிவானது. புது ஜவ்வுக்கு நாரை எங்கேயிருந்து எடுப்பது, தொடையின் பின்பக்கத்து ஹாம்ஸ்ட்ரிங்கிலா, முட்டிச்சில்லுக்குக் கீழே எலும்போடு சேர்த்து எடுக்கும் பிடிபியா (எலும்பு-நார்-எலும்பு) என்று டாக்டர் கேட்டதுதான் என்னை இரண்டு வாரம் யோசிக்க வைத்தது.

இரண்டுமே கேமரா வழியாகச் செய்யும் சாவித்துவார ஆபரேஷன்தான். ஊன்றுகோல், பிசியோதெரபி எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான்.

பிடிபியில், முட்டிச்சில்லுக்குக் கீழே உள்ள நாரின் நடுப்பகுதியை, சுமார் 10 மில்லிமீட்டர் அகலத்துக்கு, இரு முனையிலும் சின்ன எலும்புத் துண்டோடு எடுப்பார்கள். எலும்போடு எலும்பு சேர்வதால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். நார்வே, டென்மார்க் ஆபரேஷன் பதிவேடுகளைப் பார்த்தாலும், மறு ஆபரேஷன் தேவைப்பட்டவர்கள் பிடிபியில்தான் குறைவு. பதினெட்டு வயதில் கபடி டீமில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

ஹாம்ஸ்ட்ரிங்கில், தொடையின் பின்பக்கத்து நார்கள் இரண்டை, முட்டிக்குக் கீழே உள்பக்கம் ஒரு சின்ன வெட்டு வழியாக உருவி, மடித்து நான்கு இழையாக்குவார்கள். தடிமன் ஆளுக்கு ஆள் மாறும். 8 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் திரும்பக் கிழியும் அபாயம் கூடும். எனக்கு எட்டரை கிடைத்தது. காலை முழுசாக மடக்கும் பலமும் கொஞ்சம் குறையும், எனக்குக் குறைந்திருக்கிறது.

இவ்வளவு தெரிந்தும் நான் ஹாம்ஸ்ட்ரிங்கை எடுத்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று: தரையில் முட்டி போடுவது. கடமையான தொழுகை மட்டும் ஒரு நாளைக்கு 17 ரக்அத், அதாவது 17 சுற்று. ரக்அத்துக்கு இரண்டு சஜ்தா (நெற்றியைத் தரையில் வைத்து வணங்குவது), ஆக 34. ஒவ்வொரு சஜ்தாவுக்கும் முட்டி தரையில் பட வேண்டும். பிடிபிக்கு நார் எடுப்பதோ, முட்டி போட்டால் அழுந்துகிற அதே இடத்தில். முட்டி போடும்போது முன்பக்கம் வலிப்பது பிடிபி செய்தவர்களுக்குத்தான் அதிகம். இதில் டாக்டர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது.

என் நண்பன் ஒருவன் பிடிபி செய்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. ஒருநாள் பைக் செயினைப் பார்க்கக் கீழே இறங்கினான். முதலில் கையை ஊன்றி, துண்டை நாலாக மடித்துப் போட்டு, தழும்பு படாதபடி முட்டியைச் சாய்த்து வைத்தான். அதைப் பார்த்த அன்றே முடிவு செய்துவிட்டேன். முடியாதவர்கள் நாற்காலியில் தொழலாம், நானும் நாலு மாதம் அப்படித்தான் தொழுதேன். ஆனால் பள்ளிவாசலில் அத்தா வயதுக்காரர்களோடு நாற்காலி வரிசையிலேயே தங்கிவிட எனக்கு மனசு ஒப்பவில்லை. தரையில் வேலை செய்யும் டைல்ஸ்காரருக்கும், மாதா கோயிலில் முழந்தாளிடுகிறவருக்கும் இதே கணக்குதான்.

ஹாம்ஸ்ட்ரிங்கில் தொந்தரவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஐந்தாவது மாதம் முதல் சஜ்தா செய்தபோது, தழும்புக்கு வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு மரத்துப்போய், யாருடைய காலோ போல இருந்தது. இப்போது பாதியாகக் குறைந்திருக்கிறது. வலி இல்லை.

கணுக்கால் பக்கத்திலிருந்து எடுக்கும் பெரோனியஸ் நாரைப் பற்றியும் கேட்கிறார்கள். அதைச் செய்துகொண்ட ஒரே ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் மூன்றாவது மாதத்தில். நன்றாக நடக்கிறார். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது சரியில்லை.

எனக்கு இது ஏழாவது மாதம். ஒன்பது முடியாமல் டர்ஃபில் கால் வைக்கக்கூடாது என்று பிசியோ கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஓடிக்கொண்டே வெட்டித் திரும்பும்போது இந்த நார் எப்படித் தாங்குகிறது என்பதை அதற்கு அப்புறம்தான் சொல்ல முடியும்.