கலோரி கணக்குச் செயலி: பதிவுக்கு அருமை, இலக்கு போட ஆகாது

நாற்பது ஐம்பது கிலோ குறைக்க வேண்டியவர்கள் கலோரி கணக்குச் செயலியைப் போட்டுக்கொள்ளலாமா என்றால், தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் முதல் நாள் அது தூக்கிக் கொடுக்கும் தினசரி கலோரி இலக்கை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பெயர் சொல்லாமல் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த வகையில் நான் பார்த்த மற்ற செயலிகளும் ஏறக்குறைய இதே மாதிரிதான் கணக்குப் போடுகின்றன.

தொடங்கும்போது வயது, உயரம், எடை, ஆணா பெண்ணா என்று கேட்டுவிட்டு, வாரத்துக்கு எவ்வளவு குறைய வேண்டும் என்று ஒரு திரை வரும். ஒரு கோடு, அதன் மேல் நகர்த்துகிற புள்ளி. புள்ளி ஏற்கெனவே 1 கிலோவில் நிற்கிறது. கீழே இலக்கு எடையை எட்டும் தேதி பெரிய எழுத்தில் இருக்கும். புள்ளியை இடப்பக்கம் தள்ளினால் அந்தத் தேதி மாதக்கணக்கில் தள்ளிப்போகும். அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே மெதுவான வேகத்தை யார் தேர்ந்தெடுப்பார்கள்? எனக்குப் பிடிக்காத திரை இதுதான், இந்த ஒரு இடத்தில்தான் முழுக் கணக்கும் கெடுகிறது.

எப்படி என்று என் எண்களை வைத்தே சொல்கிறேன். நான் பெண், தொடங்கும்போது 118 கிலோ, உயரம் 162 செ.மீ., வயது 40. 1990-ல் வந்த மிஃப்லின்-செயின்ட் ஜியோர் சூத்திரத்தைத்தான் பல செயலிகள் பயன்படுத்துகின்றன: எடையைப் பத்தால் பெருக்கி, உயரத்தை 6.25-ஆல் பெருக்கி இரண்டையும் கூட்டி, அதிலிருந்து வயதின் ஐந்து மடங்கைக் கழித்து, பெண் என்றால் மேலும் 161 கழிக்க வேண்டும், ஆண் என்றால் 5 கூட்ட வேண்டும். எனக்கு வருவது சுமார் 1,830. சும்மா படுத்திருந்தாலே உடம்பு அவ்வளவு செலவழிக்கும். உட்கார்ந்து வேலை பார்ப்பவர் என்பதால் 1.2-ஆல் பெருக்கினால் ஒரு நாள் மொத்தச் செலவு சுமார் 2,200. ஒரு கிலோ குறைய ஏறக்குறைய 7,700 கலோரி என்பது வழக்கமான கணக்கு, ஆக வாரத்துக்கு 1 கிலோ என்றால் தினமும் 1,100 கழிய வேண்டும், மிச்சம் 1,100. ஆனால் பெண்களுக்கு 1,200-க்குக் கீழே செயலி இறங்காது, அதனால் திரையில் 1,200 என்று காட்டும்.

அந்த 1,200 என் உடம்புக்குப் போட்ட கணக்கே கிடையாது. என் உயரத்திலும் வயதிலும் 75 கிலோ இருக்கும் ஒரு பெண் இதே வேகத்தைக் கேட்டாலும் அதே 1,200-தான் வரும். 118 கிலோ உடம்பைத் தூக்கிக்கொண்டு நடப்பவருக்கு அது பட்டினிக்குப் பக்கத்தில் இருக்கிற எண், இரண்டு வாரம் தாக்குப்பிடித்துவிட்டு மூன்றாவது வாரம் எல்லாவற்றையும் விட்டுவிடுவதற்கு இதைவிட நல்ல வழி வேண்டாம். நான் புள்ளியை அரை கிலோவுக்குத் தள்ளினேன். இலக்கு 1,650 ஆனது. வயிறும் ஒத்துக்கொண்டது, வேலையும் ஓடியது, எடையும் இறங்கியது.

நடமாட்டம் எவ்வளவு என்று கேட்கும் பொத்தான்களிலும் கவனம் வேண்டும். மிகக் குறைவு என்பதற்கு அடுத்த படியைத் தொட்டால் பெருக்கும் எண் 1.375 ஆகிவிடும், எனக்கு அந்த ஒரு தொடுதலில் 300 கலோரிக்கு மேல் கூடுகிறது. கீழ்ப்படியையே வைத்துக்கொண்டு மூன்று நான்கு வாரம் எடை எப்படிப் போகிறது என்று பார்த்து ஏற்றி இறக்கிக்கொள்வது நல்லது. முதல் வாரத்தை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள். உடம்பில் கிளைக்கோஜன் என்ற பெயரில் சேமித்திருக்கும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், உடம்பு முதலில் விடுவது அதைத்தான். செயலி அந்த இறக்கத்தைப் பார்த்துவிட்டு இன்னும் சில மாதத்தில் இந்த எடை என்று கொண்டாடுகிறது, பாவம் அதை நம்பியவர்கள்.

அப்புறம் ஸ்மார்ட்வாட்சை இணைத்தால், நடந்து செலவழித்ததாக வாட்ச் சொல்லும் கலோரியை இலக்கோடு கூட்டி, இவ்வளவு கூடுதலாகச் சாப்பிடலாம் என்று காட்டும். அதை நிறுத்திவிட்டேன். 2017-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கையில் கட்டும் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள், கலோரி கணக்கில் இருப்பதிலேயே நல்ல கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் தவறியது. இதயத்துடிப்பைக் கிட்டத்தட்டச் சரியாகச் சொல்கிறதே என்று கலோரியிலும் நம்பிவிடக் கூடாது.

என் பெரிய குறைக்கு வருகிறேன். 90 கிலோவுக்கு வந்தபோது அதே சூத்திரத்தில் என் ஒரு நாள் செலவு 1,860. இலக்கோ 1,650-லேயே நிற்கிறது. இடைவெளி 210-தான், அதாவது மாதத்துக்கு ஒரு கிலோகூடக் குறையாது. ஒவ்வொரு வாரமும் எடையைப் பதிவு செய்கிறேன், அந்த எண் செயலியின் கையிலேயே இருக்கிறது, இருந்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாமாக செட்டிங்ஸில் போய் இலக்கை மறுபடி கணக்கிடச் சொன்னால்தான் மாறுகிறது. ஐந்து கிலோ குறைக்கிறவருக்கு இதில் பெரிய வித்தியாசம் தெரியாது. நாற்பது கிலோ குறைக்கிறவர் பாதி வழியில் எடை அசையாமல் நிற்பதைப் பார்த்து, தன்னிடம் கட்டுப்பாடு இல்லை என்று தன்னையே திட்டிக்கொள்வார். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. சூத்திரம் சொல்வதைவிடவும் உடம்பு செலவைச் சுருக்கிக்கொள்ளும் என்பது வேறு இருக்கிறது. அமெரிக்க டிவியில் நடந்த எடைக்குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டு கழித்துச் சோதித்து 2016-ல் ஒரு ஆய்வு வந்தது, ஓய்வில் அவர்கள் உடம்பு எதிர்பார்த்ததைவிடத் தினமும் சுமார் 500 கலோரி குறைவாகச் செலவழித்தது. அவர்கள் அசுர வேகத்தில் குறைத்தவர்கள், எல்லோருக்கும் அவ்வளவு ஆகும் என்று சொல்ல வரவில்லை. எடை குறையக் குறையச் செலவும் மாறுவதைக் கணக்கில் சேர்த்து இலக்கு சொல்லும் கருவி ஒன்றை அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. இந்தச் செயலியைச் செய்தவர்களுக்கு அது தெரியாமலா இருக்கும்?

இன்னொன்று, தொடக்கத்தில் இவ்வளவு கேட்கிற செயலி என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்பதில்லை. இன்சுலினோ, சல்ஃபோனைல்யூரியா வகை சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். பிரஷர் மாத்திரையின் அளவையும் குறைக்க வேண்டி வரலாம். ரொம்ப வேகமாக எடை இறங்கினால் பித்தப்பையில் கல் வரும் வாய்ப்பு கூடும். நிறையக் குறைக்க வேண்டியவர்களில் பலருக்கு இந்த மாத்திரைகளில் ஏதோ ஒன்று இருக்கும், அவர்கள் இலக்கை முதலில் டாக்டரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். ஒரு நாளைக்கு 800 கலோரி அளவுக்கு இறங்குவதெல்லாம் டாக்டர் கண்காணிப்பில் மட்டுமே செய்ய வேண்டியது.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். பதிவு செய்வது பிரமாதம். பார்கோடைக் காட்டினால் விவரம் வந்துவிடும், நேற்றுச் சாப்பிட்டதை அப்படியே இன்றைக்கு நகலெடுக்கலாம், வீட்டில் அடிக்கடி செய்வதை ஒரு தடவை எடை போட்டுச் சேமித்துவிட்டால் அடுத்த முறை இரண்டு தொடுதலில் முடிந்துவிடும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி என்று அது காட்டிய பிறகு பாட்டிலிலிருந்து நேராக ஊற்றுவதை நிறுத்தினேன். இலக்கை நாற்பது கலோரி தாண்டினாலே எண் சிவப்பாக மாறுவது எரிச்சல், ஆனால் செட்டிங்ஸில் தேடினால் வாரச் சராசரியைக் காட்டும் வழி இருக்கிறது, அதை வைத்துக்கொண்டால் ஒரு விசேஷ நாளுக்காகத் திட்டு வாங்க வேண்டியதில்லை. எடை வரைபடத்தில் தினசரி ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டுப் போக்கை மட்டும் காட்டும் கோடும் உண்டு, நான் தினமும் பார்ப்பது அது ஒன்றைத்தான்.

பிரீமியம் வாங்கச் சொல்லித் திரைக்குக் குறுக்கே அடிக்கடி ஒரு பெட்டி வருகிறது. எடைக்கு ஏற்ப இலக்கு தானாக மாறும் வசதி அதிலாவது இருக்கும் என்று பட்டியல் முழுவதையும் படித்தேன், இல்லை. அது வரும்வரை இலவசப் பதிப்பே போதும், ஐந்து கிலோ குறைந்ததும் நீங்களே உள்ளே போய் இலக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.