ஜெய்சல்மேரில் ‘கூட்டமில்லாத பாலைவனம்’: பணம் அனுப்பும் முன் படியுங்கள்

ரிசார்ட்டுகள் வரிசை கட்டி நிற்கும் சாம் மணல்மேட்டு டிஜே கூத்து வேண்டாம், அமைதியாக நடந்துபோய் நட்சத்திரத்தைப் பார்த்துப் படுத்தால் போதும் என்று தார் பாலைவனத்துக்குக் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களை மாதிரி ஆட்களுக்கென்றே ஒரு தனி வலை விரித்து வைத்திருக்கிறார்கள். டிசம்பரில் நாங்கள் நால்வர் அதில் விழுந்தோம்.

ஏற்பாட்டாளருக்குக் கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் அலுவலகம். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை. வாட்ஸ்அப்பில் அவர் எழுதிக் கொடுத்தது இது: ஆளுக்கு 6,500 ரூபாய், இரண்டு இரவு, ஒட்டகம் மூட்டையைச் சுமக்கும், நாம் நடப்போம், கூடாரம் கிடையாது, மணலில் மெத்தை, பிளாஸ்டிக் பாட்டில் இல்லை, கேன் தண்ணீர்தான், குப்பை மொத்தமும் ஊருக்குத் திரும்பும், ரிசார்ட் எதுவும் கண்ணில் படாது. முழுப் பணமும் முன்கூட்டியே, அதுவும் ஒரு தனியாளின் ஜிபே எண்ணுக்கு. ரசீது கேட்டால், “ஸ்க்ரீன்ஷாட்தான் ரசீது” என்றார்.

ஜீப் முக்கால் மணி நேரம் சுற்றியது. தார்ச் சாலையை விட்டு இறங்கி, புதர்கள் மேலேயே ஏற்றி ஓட்டினார் டிரைவர். இந்தப் பக்கத்துப் புல்லும் புதரும் வெறும் பொட்டல் இல்லை. உலகத்தில் இருநூறுகூட மிச்சமில்லாத கானமயில் என்ற பறவைக்கு இருக்கும் கடைசி இடங்களில் இதுவும் ஒன்று. அது தரையில்தான் முட்டையிடும், பெரும்பாலும் ஒன்றே ஒன்று. அதைப் பற்றி ஏற்பாட்டாளர் அழகாக ஒரு பத்தி அனுப்பியிருந்தார். அவருடைய ஜீப்புக்கு அது தெரியவில்லை போலும்.

இறங்கிய இடம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இருட்டியதும் மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து ‘தும் தும்’ என்று சத்தம் கிளம்பியது. சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யுமே, இறக்கி வைத்திருந்த வரைபடத்தைத் திறந்து பார்த்தோம். சாம் ரிசார்ட் வரிசைக்கு நேர்கோட்டில் ஒன்றரைக் கிலோமீட்டர்! முக்கால் மணி நேரச் சுற்றெல்லாம், வெகுதூரம் வந்துவிட்டோம் என்று நாம் நினைத்துக்கொள்ளத்தான்.

சாப்பாடு ஒருமுறை தின்றுவிட்டுத் தூக்கியெறியும் அலுமினியத் தாள் தட்டில், தண்ணீர் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில். சாப்பிட்டு முடித்ததும் ஒட்டகக்காரப் பெரியவர் தட்டுகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு புதர் ஓரம் மணலைக் கையால் தோண்டினார். ஒரு முழ ஆழம்கூடப் போயிருக்காது, உள்ளேயிருந்து பழைய தட்டுகளும் சிப்ஸ் கவர்களும் வந்தன. ஒரு கவரின் ஓரம் பற்களால் மென்றது போலக் கிழிந்திருந்தது. காற்றடித்தால் மணல் நகரும், புதைத்தது மேலே வரும், ஆடும் மாடும் ஒட்டகமும் தின்னும். நாங்கள் தடுத்து, எங்கள் பையில் போட்டுக்கொண்டோம். பெரியவர் சிரித்துவிட்டு, தன் சொந்தச் சட்டியை ஒரு பிடி உலர்ந்த மணலால் தேய்த்து, துணியால் துடைத்து வைத்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் செலவில்லை. பரம்பரையாக அங்கே பாத்திரம் துலக்குவதே அப்படித்தான். மாசில்லாமல் பயணம் போவது எப்படி என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அலுமினியத் தட்டைக் கொடுத்துவிட்டது முதலாளி.

அப்புறம் தீ. குளிர் ஏழெட்டு டிகிரிக்கு இறங்கிவிட்டது, தீ மூட்டியதில் தப்பில்லை. ஆனால் ஜீப்பில் வந்த கட்டு பச்சை மரம், கேஜ்ரிக் கிளை. நம்மூரில் கோயில்களில் நிற்கும் வன்னிதான் அது. ராஜஸ்தானின் மாநில மரம். இதே மரத்தை வெட்டவிடாமல் 1730இல் கேஜர்லி கிராமத்தில் 363 பிஷ்னோய் மக்கள் உயிரை விட்டார்கள். அந்த மாநிலத்தில், ‘இயற்கையோடு இணைந்த இரவு’ என்று காசு வாங்கிக்கொண்டு அதையே கொளுத்துகிறார்கள்.

இரண்டாம் நாள் நடைப்பயணம் என்பது அதே மேட்டைச் சுற்றி வந்து, அதே இடத்தில் படுப்பது. வேறு கிராமம் வழியாகக் கூட்டிப்போவதாகச் சொன்னாரே என்று பெரியவரைக் கேட்டோம். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “எனக்கு இந்த இடம்தான் சொன்னார்கள், சாப்.” எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்டதற்கு, ஒட்டகத் தீவனமும் சேர்த்து ஒரு நாளைக்கு 500 என்றார். நாலு பேர் கட்டியது 26,000. கோபத்தை அவரிடம் காட்டாதீர்கள். நாங்கள் அவர் கையில் தனியாகக் கொஞ்சம் கொடுத்துவிட்டு வந்தோம்.

ஊருக்குத் திரும்பியதும் ஏற்பாட்டாளர் சொன்னது, “பாலைவனம் எல்லாம் ஒன்றுதானே.” விமர்சனம் எழுத மாட்டோம் என்றால் ஆளுக்கு ஆயிரம் திருப்பித் தருவாராம். மறுத்துவிட்டோம்.

நீங்கள் போவதாக இருந்தால், படுக்கப்போகும் இடத்தின் லொகேஷனை முன்பே வாங்கி, செயற்கைக்கோள் படத்தில் பாருங்கள். வரிசையாக வெள்ளைக் கூடாரங்கள் பக்கத்தில் தெரிந்தால் வேண்டாம். “இடம் அன்றைக்குத்தான் முடிவாகும்” என்றாலும் வேண்டாம். என்ன விறகு, எந்தத் தட்டு, ஒட்டகக்காரருக்கு எவ்வளவு என்று கேளுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர் எரிச்சல்பட மாட்டார். முன்பணம் கால்வாசிக்கு மேல் கொடுக்காதீர்கள். ஜெய்சல்மேருக்கு வெளியே குரி என்ற கிராமத்தில் ஒரு வீட்டிலேயே தங்கி, அந்த வீட்டு ஆளோடு நடந்துபோய் வந்த எங்கள் நண்பர்களுக்கு இதில் பாதிதான் செலவானது. அங்கேயும் இப்போது ரிசார்ட்டுகள் வந்துகொண்டிருக்கின்றன, அதனால் அதே கேள்விகளை அங்கேயும் கேளுங்கள்.

ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம். சுற்றுலா அமைச்சகத்தின் உதவி எண் 1363. நாங்கள் வாட்ஸ்அப் பேச்சு, பணம் போன விவரம், குழியின் படம் மூன்றையும் வைத்து 1915இல் பதிந்திருக்கிறோம். இதே மாதிரி கோட்டைச் சந்தில் யாரிடமாவது பணம் கட்டியிருந்தால் உங்கள் ஸ்க்ரீன்ஷாட்டை அழித்துவிடாமல் எனக்கு எழுதுங்கள். ஜிபே எண் ஒன்றுதானா என்று பார்த்துவிடலாம்.