ஸ்லாம் பால் என்று விற்ற பந்து என் தங்கையின் பல்லை உடைத்தது: திருச்சி பக்கம் பயிற்சிக்குப் போகிறவர்கள் படியுங்கள்

மொட்டை மாடியில் 'டம்' என்று ஒரு சத்தம். உடனே "அண்ணா" என்று ஒரு குரல், அதுவும் பாதியில் அடங்கிவிட்டது. நான் படி ஏறிப் போய்ப் பார்த்தபோது தங்கை தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். விரல் இடுக்கில் ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அந்தக் கறுப்புப் பந்து இன்னும் உருண்டுகொண்டிருந்தது.

மேலுதட்டில் மூன்று தையல். முன்பல் ஒன்று குறுக்காகப் பாதி உடைந்துவிட்டது. உடைந்த துண்டை அம்மா அடுத்த நாள் காலையில் மாடியைப் பெருக்கும்போது கண்டெடுத்தார். ஒரு சின்ன அரிசி மணி அளவுதான் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா நின்ற நிற்பு எனக்கு மறக்காது.

இது தற்செயலாக நடந்த விபத்து என்றால் நான் எழுதியிருக்க மாட்டேன். தரையில் அடித்தால் துள்ளுகிற பந்தை, துள்ளாத 'ஸ்லாம் பால்' என்று சொல்லி விற்றதால் நடந்தது. நாங்கள் வாங்கிய அதே ஜிம்மில் அதே பயிற்சிப் பொருள் 'கிட்' வாங்கிய பிள்ளைகள் இன்னும் பத்துப் பதினைந்து பேராவது இருப்பார்கள். அவர்களுக்காகவும், இனிமேல் வாங்கப் போகிறவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

தங்கை இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகிறாள். எழுத்துத் தேர்வில் பயமில்லை. உடல்திறன் போட்டியில் குண்டு எறிதல்தான் அவளுக்கு இடறுகிறது. 4 கிலோ இரும்புக் குண்டு. ஓட்டமும் தாண்டுதலும் வரும், குண்டு மட்டும் கையை விட்டுப் போனதும் தொப்பென்று விழும். அந்த நேரத்தில்தான் ஊருக்குள் ஒரு ஜிம்மின் விளம்பரம் கண்ணில் பட்டது. 'எக்ஸ்ப்ளோசிவ் பவர் பேட்ச், 12 வாரம், போலீஸ் செலக்‌ஷன் ஸ்பெஷல்.' ஒரே நொடியில் உடம்பிலிருந்து மொத்த வேகத்தையும் வெளியே எடுக்கிற பயிற்சி, குண்டு எறிதலுக்கு இதுதான் அடிப்படை என்று சொன்னார்கள். அந்த அளவுக்குச் சொன்னது சரிதான். 14,000 ரூபாய் கட்டணம். நான்தான் கட்டினேன்.

அங்கே முக்கியமான பயிற்சி ஸ்லாம். கனமான பந்தை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி, நுனிக்காலில் எழும்பி, உடம்பு மொத்தத்தையும் மடக்கிப் பந்தைத் தரையில் ஓங்கி அடிப்பது. பந்து அடித்த இடத்திலேயே உட்காரும். குனிந்து எடுத்து மறுபடியும் தூக்குவது. ஜிம்மில் இருந்தவை உண்மையான ஸ்லாம் பால்கள், அதை நான் மறுக்கவில்லை. தடித்த ரப்பர் ஓடு, உள்ளே மணல். சாணி உருண்டை விழுகிற மாதிரி விழும், எகிறாது. அதனால் அடித்த கையோடு முகத்தை பந்துக்கு நேர் மேலே கொண்டுபோய்க் குனிந்து எடுக்கிற பழக்கம் எல்லாருக்கும் வந்துவிட்டது. கோச்சும் அப்படித்தான் பழக்கினார். "குனி, எடு, தூக்கு, அடி, நடுவில் யோசிக்காதே" என்பார்.

ஐந்தாவது வாரம், வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி போதாது, வீட்டிலும் செய்யணும் என்று ஆரம்பித்தார்கள். 3,800 ரூபாய்க்கு ஒரு ஹோம் கிட். ஒரு ஸ்கிப்பிங் கயிறு, ஒரு ரப்பர் பேண்டு, '6 கிலோ ஸ்லாம் பால்' ஒன்று. வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் ஸ்லாம் பால் என்றே எழுதியிருந்தது. பில்லில் மட்டும் 'ஃபிட்னஸ் பொருட்கள்' என்று இருந்தது. அதை நான் அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும்.

கையில் வந்தது மெடிசின் பால். காற்று அடைத்த ரப்பர் பந்து. ஒரு ஓரத்தில் காற்றடிக்கிற சின்ன வால்வு துளைகூட இருந்தது. நிறமும் ஜிம் பந்தைப் போலவே கறுப்பு, மேலே கட்டம் கட்டமாகப் பிடிமானம், '6' என்று புடைப்பாக எழுத்து. தெரியாதவர்கள் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். எங்களுக்கும் அப்படித்தான் தெரிந்தது. தங்கை முதல் நாள் கொஞ்சம் மெதுவாக அடித்துப் பார்த்தாள். "லேசா துள்ளுதுண்ணா" என்றாள். ஜிம்மில் கேட்டதற்கு, "புதுப் பந்து அப்படித்தான் இருக்கும், அடிக்க அடிக்கச் செட் ஆயிடும்" என்று பதில் வந்தது. அந்தப் பதிலை நம்பித்தான் இரண்டாம் நாள் முழு பலத்தையும் போட்டு அடித்தாள். கீழே சிமென்ட் தளம். பழக்கப்படி முகம் முன்னால் போயிருந்தது. பந்து நேராக வாயில் வந்து மோதியது.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். ஊரில் எல்லாருக்கும் அவர் பி.டி. சார். விஷயம் கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்தவர், முதலில் தங்கையைப் பார்த்தார், அப்புறம் பந்தைக் கேட்டார். தோள் உயரத்துக்குத் தூக்கி, அடிக்காமல் சும்மா கையை விட்டார். பந்து துள்ளி அவர் முழங்காலுக்கு மேலே வந்தது. "சும்மா விட்டதுக்கே இவ்வளவு எகிறுது. ஓங்கி அடிச்சா என்ன ஆகும்னு இதை வித்தவனுக்குத் தெரியாதா?" என்றார். அவருக்குக் குரல் கொஞ்சம் நடுங்கியது.

அவர் சொல்லித்தான் எனக்கு வித்தியாசம் புரிந்தது. ஒரே மாதிரி தெரிகிற மூன்று வகைப் பந்துகள் இருக்கின்றன. காற்றடைத்த ரப்பர் மெடிசின் பால் துள்ளும். அதைச் சுவரில் எறிந்து பிடிக்கலாம், இருவர் எதிரெதிரே நின்று மார்பிலிருந்து தள்ளிப் பழகலாம். வால் பால் (சுவரில் எறிகிற பந்து) பெரியது, மெத்தை போல இருக்கும், மேலே தையல் போட்டிருக்கும். உயரமாக எறிந்து பிடிப்பதற்கானது, தரையில் ஓங்கி ஓங்கி அடித்தால் சீக்கிரம் தையல் பிரிந்துவிடும். ஓங்கி அடிப்பதற்கென்றே செய்தது ஸ்லாம் பால் ஒன்றுதான், ஓடு தடிமனாக இருக்கும், துள்ளல் இருக்காது. சார் தன் காலத்தில் கிழிந்த தோல் கால்பந்துக்குள் மணலும் துணியும் திணித்துத் தைத்துத்தான் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தாராம். "காசு இல்லாத காலம்தான், ஆனா ஒரு பிள்ளை மூஞ்சியிலும் பந்து அடிச்சதில்ல" என்றார்.

எடை விஷயமும் பொய். பக்கத்து மாவு மில் தராசில் வைத்துப் பார்த்தோம். 4 கிலோ 700 கிராம். '6' என்று எழுதிய பந்து! மில்காரர் சந்தேகப்பட்டுத் தராசைப் பூஜ்யமாக்கி இரண்டாம் முறையும் வைத்தார், அதே எண்தான் வந்தது. தராசின் எண் தெரிகிற மாதிரி படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

சரி, பந்தை விடுங்கள். எனக்கு இதைவிடப் பெரிய வருத்தம், அந்த 'பவர்' பயிற்சியே பவர் பயிற்சியாக இல்லை என்பது. தங்கை எழுதி வைத்திருந்த நோட்டை சாரிடம் காட்டினேன். 10 கிலோ பந்தில் 20 ஸ்லாம், 30 விநாடி ஓய்வு, மறுபடி 20, இப்படி ஐந்து சுற்று. அதோடு பர்பி, அதாவது குந்தி, தரையில் படுத்து, எழுந்து குதிக்கிற பயிற்சி. கடைசியில் எல்லாரும் தரையில் மல்லாந்து கிடப்பார்கள், அதைப் படம் எடுத்துப் போடுவார்கள். வேர்வையும் மூச்சிரைப்பும் அதில் நிறைய உண்டு, வேகம் இல்லை.

சார் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். முழு வேகத்தில் ஒரு அசைவைச் செய்யத் தசைக்குள் உடனடி எரிபொருள் கொஞ்சம்தான் இருக்கிறது. ஏறக்குறைய பத்து விநாடிக்குள் அது வற்றிவிடும். மறுபடி நிரம்ப இரண்டு மூன்று நிமிடம் வேண்டும். அதனால் வேகத்துக்காக ஸ்லாம் அடிக்கிறவர் ஒரு செட்டில் ஐந்தாறு தடவைக்கு மேல் அடிக்க மாட்டார். ஒவ்வொரு அடியும் முழு அடி. அப்புறம் நன்றாக மூச்சு வாங்கி, நடந்து, தண்ணீர் குடித்து, இரண்டு மூன்று நிமிடம் கழித்துத்தான் அடுத்த செட். மூன்று நான்கு செட் போதும். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்குச் சோம்பேறித்தனமாகத் தெரியும். இருபது தடவை தொடர்ந்து அடித்தால் எட்டாவது ஒன்பதாவதிலேயே வேகம் விழுந்துவிடும், மீதியெல்லாம் மெதுவாக அடிக்கப் பழகுகிற பயிற்சிதான். மூச்சுத் தாங்கும் திறன் வேண்டுமென்றால் அதுவும் நல்ல பயிற்சியே. ஆனால் அதை எக்ஸ்ப்ளோசிவ் பவர் என்று பெயர் சொல்லி 14,000 ரூபாய் வாங்கக் கூடாது.

கனமும் அப்படித்தான். பவர் என்பது விசையும் வேகமும் சேர்ந்தது. தங்கையின் எடை 51 கிலோ. அவள் 10 கிலோ பந்தைத் தலைக்கு மேலே கொண்டுபோவதற்கே முதுகை வளைத்துத் திணறுகிறாள், அதில் எங்கே வேகம் வரும்? சார் அவளுக்குக் கொடுத்தது 3 கிலோ. தரையில் படும்போது வருகிற சத்தத்தைக் கேட்கச் சொன்னார். சத்தம் மழுங்கினால் அந்த செட் முடிந்தது, எண்ணிக்கை பாக்கி இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும்.

இன்னொன்றும் சொன்னார், அதுதான் எனக்கு உறைத்தது. ஸ்லாம் கீழ்நோக்கிய அசைவு. குண்டு எறிதல் முன்னாலும் மேலேயும் போகிற அசைவு. ஸ்லாமில் இடுப்பும் வயிறும் முதுகின் பக்கத் தசைகளும் ஒன்றாக இயங்கப் பழகும், அது உதவும். ஆனால் மார்பிலிருந்து பந்தை முன்னே தள்ளுவது, குனிந்து எழுந்து தலைக்குப் பின்னால் எறிவது, பக்கவாட்டில் திரும்பி எறிவது, இவைதான் குண்டுக்கு நெருக்கம். 'போலீஸ் செலக்‌ஷன் ஸ்பெஷல்' என்ற பேட்ச்சில் எட்டு வாரத்தில் இவற்றில் ஒன்றைக்கூடச் சொல்லித்தரவில்லை. சேர்ந்த அன்று அவள் எவ்வளவு தூரம் எறிகிறாள், நின்ற இடத்திலிருந்து எவ்வளவு தாண்டுகிறாள் என்று யாரும் டேப் வைத்து அளக்கவும் இல்லை. '20 சதவீதம் முன்னேற்றம் உறுதி' என்று மட்டும் சுவரில் எழுதியிருக்கிறார்கள். எதிலிருந்து 20 சதவீதம்?

பல் உடைந்த மூன்றாம் நாள் ஜிம்முக்குப் போனேன். உரிமையாளர் முதலில் "தங்கச்சி எப்படி இருக்கு தம்பி" என்று அன்பாகத்தான் கேட்டார். பந்தை மேசை மேல் வைத்ததும் பேச்சு மாறியது. எங்கள் மாடித் தளம் சரியில்லை என்றார். கோச் இல்லாத நேரத்தில் ஏன் செய்தாள் என்றார். வீட்டில் செய்யத்தானே இதை விற்றீர்கள் என்று கேட்டேன். சேர்க்கை படிவத்தை எடுத்து, காயத்துக்கு ஜிம் பொறுப்பல்ல என்ற வரியைக் காட்டினார். உங்கள் ஜிம்மில் இருக்கிற பந்து ஒன்றை எடுத்து இதோடு சேர்த்துக் கீழே போட்டுக் காட்டுங்கள் என்றேன். அவர் போடவில்லை. அங்கே நின்றிருந்த ஒரு பையன் தானாகவே ஒன்றை எடுத்துப் போட்டான். அது அப்படியே உட்கார்ந்தது. எங்கள் பந்தை நான் விட்டேன், துள்ளி மேசைக் காலில் மோதியது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்தேன். அதன்பிறகு ஜிம்மிலிருந்து அழைப்பு வந்தது. கிட்டுக்கான 3,800 ரூபாயைத் தருகிறார்களாம், நான் இதைப் பற்றி எங்கேயும் பேசக் கூடாதாம். மறுத்துவிட்டேன். இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை, வக்கீல் வைக்காமல் நாமே வாதாடலாம், இரண்டு வருடத்துக்குள் கொடுத்தால் போதும். வாட்ஸ்அப் படம், பில், மருத்துவச் சீட்டு, பல் மருத்துவரின் ரசீது, தராசுப் படம் எல்லாம் இணைத்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் 'ஸ்லாம் பால்' என்று வந்த அந்த ஒரு படம் இல்லையென்றால் என் கையில் ஒன்றுமே இருந்திருக்காது. அழிக்காமல் வைத்திருங்கள்.

வீட்டில் ஏற்கெனவே பந்து இருந்தால், இன்றைக்கே தோள் உயரத்திலிருந்து கையை மட்டும் விட்டுப் பாருங்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு பாருங்கள். கணுக்காலுக்கு மேலே துள்ளினால் அதை ஓங்கி அடிக்காதீர்கள், பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். நல்ல ஸ்லாம் பாலாக இருந்தாலும் அவ்வப்போது ஓட்டைத் தடவிப் பாருங்கள், வெடிப்பு விட்டு மணல் கசிந்தால் மாற்றிவிடுங்கள். அடிக்கும்போது பந்து காலுக்குக் கொஞ்சம் முன்னால் விழட்டும், அது நின்ற பிறகு முழங்காலை மடக்கி எடுக்கட்டும்.

தங்கை மறுபடி பயிற்சிக்குப் போகிறாள். காலை ஐந்தரைக்கு பள்ளி மைதானத்தில், பி.டி. சாரிடம். முதல் வாரம் பந்தைத் தலைக்கு மேலே தூக்கியதும் கண்ணை மூடிக்கொண்டாள். சார் ஒன்றும் சொல்லவில்லை, மண் தரையில் 2 கிலோ பந்தை வைத்து முதலிலிருந்து ஆரம்பித்தார். நேற்றைக்குக் கண்ணைத் திறந்துகொண்டு ஐந்து அடித்தாள்.

அந்தக் கறுப்புப் பந்து சாக்குப் பையில் கட்டி என் அலமாரி மேலே இருக்கிறது, ஆணையத்தில் காட்டுவதற்காக. திருச்சியில் இதே கிட் வாங்கியவர்கள் இருந்தால் உங்கள் பில்லையும் பந்தின் படத்தையும் எனக்கு அனுப்புங்கள்.