இ-கோர்ட்ஸ் ஆப்: கேஸ் நிலுவையில் இருக்கும் நர்ஸுக்கு எவ்வளவு தூரம் உதவும்?

நர்ஸ் வேலைக்கான படிவத்தில் ‘குற்ற வழக்கு நிலுவையில் உள்ளதா’ என்று கேட்டிருந்தால், பலருக்குத் தங்கள் கேஸ் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்றே தெரிவதில்லை. ஸ்டேஷனில் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பியதோடு விஷயம் முடிந்தது என்று இருப்பார்கள். கோர்ட்டிலோ அது சி.சி. நம்பர் (கோர்ட் கொடுக்கும் வழக்கு எண்) ஆகி வாய்தா ஓடிக்கொண்டிருக்கும். இதைக் காசு செலவில்லாமல் பார்த்துக்கொள்ள இ-கோர்ட்ஸ் சர்வீசஸ் ஆப் போதும்.

பெயரை வைத்துத் தேடாதீர்கள், வீண் வேலை. பெயர்களை ஆங்கில எழுத்தில் ஏற்றியிருப்பார்கள். கௌசல்யாவுக்கு முதல் எழுத்து ‘கே’யா ‘ஜி’யா என்பது தட்டச்சு செய்தவர் கையில். எஃப்.ஐ.ஆர். நம்பர் வழியாகப் போங்கள்: மாநிலம், மாவட்டம், கோர்ட் வளாகம், காவல் நிலையம், குற்ற எண் (எஃப்.ஐ.ஆர். நம்பர்தான்), ஆண்டு. நிலுவை, முடிந்தவை இரண்டையும் தேடிவிடுங்கள். ஒருமுறை கேஸ் கிடைத்ததும் அந்தக் கேஸுக்கே உரிய 16 இலக்க அடையாள எண்ணான சி.என்.ஆர். எண்ணைக் குறித்து வைத்தால் பிறகு அது ஒன்றே போதும்.

நீலகிரிக்காரர்கள் சறுக்கும் இடம் மாவட்டத் தேர்வு. பர்லியாறில் வண்டி மோதினால் கேஸ் குன்னூர் பக்கம். இன்னும் கொஞ்சம் இறங்கிக் கல்லாறில் மோதினால் மேட்டுப்பாளையம், அதாவது கோவை மாவட்டம். பந்தலூர்க்காரர் சுல்தான் பத்தேரியில் மாட்டியிருந்தால் கேரளாவையும் வயநாட்டையும் எடுக்க வேண்டும். தப்பான மாவட்டத்தில் தேடினால் ஆப் ‘பதிவு இல்லை’ என்றுதான் சொல்லும். அதை நம்பி ‘வழக்கு இல்லை’ என்று எழுதிக் கொடுத்தால் பிறகு வம்பு.

சரியான மாவட்டத்தில் தேடியும் ஒன்றும் வராவிட்டால், போலீஸ் இன்னும் சார்ஜ் ஷீட் போடாமல் இருக்கலாம், அல்லது கோர்ட் அதைக் கோப்பில் எடுக்காமல் இருக்கலாம். எஃப்.ஐ.ஆர். அப்படியேதான் இருக்கும். இந்த ஆப்பின் பெரிய ஓட்டை இதுதான். இதற்குத் தமிழ்நாடு காவல்துறையின் ஆன்லைன் சரிபார்ப்புச் சேவைதான் வழி. அதற்குக் கட்டணம் உண்டு. வேலை கொடுப்பவர் பார்க்கப்போவதும் பெரும்பாலும் போலீஸ் அறிக்கையைத்தான்.

கேஸ் பக்கத்தில் முதலில் சட்டப் பிரிவுகளைப் பாருங்கள். பக்கத்து வீட்டுச் சண்டை என்றால் வழக்கமாக பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா, இப்போதைய தண்டனைச் சட்டம்) 296(பி) கெட்ட வார்த்தை, 115(2) அடித்துக் காயப்படுத்துவது, 351(2) மிரட்டல் மூன்றும் சேர்ந்து வரும். 2024 ஜூலை 1க்கு முந்தைய சம்பவம் என்றால் அதுவே பழைய இந்தியத் தண்டனைச் சட்டமான ஐ.பி.சி. 294(பி), 323, 506(1). இதில் 115(2), 351(2) இரண்டையும் எதிர்த்தரப்பு சம்மதித்தால் கோர்ட்டிலேயே ராஜி செய்துகொள்ளலாம். ராஜியானால் சட்டப்படி அது விடுதலைக்குச் சமம். ஆனால் கெட்ட வார்த்தைப் பிரிவான 296 ராஜிக்கு உட்படாது. அதற்கு உயர் நீதிமன்றத்தில் பி.என்.எஸ்.எஸ். (இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 528இல் வழக்கை ரத்து செய்யக் கேட்கும் மனு போட வேண்டும். நீலகிரிக்கு அது சென்னை. கொடைக்கானல் என்றால் மதுரைக் கிளை. ‘எல்லாம் பேசி முடிச்சாச்சு’ என்று வீட்டுக்கு வந்துவிட்ட பிறகும் ஆப்பில் நிலுவை என்றே காட்டினால், இந்த ஒற்றைப் பிரிவுதான் காரணமா என்று வக்கீலிடம் கேளுங்கள்.

அடுத்தது, முடிந்த கேஸில் தீர்ப்பின் தன்மை. வேகமாக வண்டி ஓட்டியதற்கான பி.என்.எஸ். 281 பிரிவில் ‘ஒத்துக்கோம்மா, ஃபைன் கட்டிட்டுப் போயிடலாம்’ என்று அறிவுரை கிடைக்கும். கட்டினால் கேஸ் முடியும்தான். ஆனால் அது தண்டனை. அதன் பிறகு ‘தண்டிக்கப்பட்டுள்ளீர்களா’ என்ற கேள்விக்கு ஆம் என்றே எழுத வேண்டும். நர்ஸ் வேலைக்குப் போகிறவர் அவசரப்பட்டு ஒத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. வக்கீல் செலவுக்குப் பயந்தும் ஒத்துக்கொள்ள வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. சட்ட உதவி எண்ணான 15100க்கு அழைத்துக் கேட்கலாம்.

படிவத்தில் என்ன எழுதுவது? நிலுவையைக் கேட்டிருந்தால் உள்ளபடி எழுதுங்கள்: குற்ற எண், சி.சி. எண், பிரிவு, கோர்ட், அடுத்த வாய்தா. அத்தனையும் ஆப்பின் ஒரே திரையில் இருக்கும். வேலைக்கு வருபவர் வழக்கை மறைப்பது பற்றிய அவ்தார் சிங் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதற்குத் துணை. அற்பமான வழக்கை மறைக்காமல் தெரிவித்தவரை, அந்த வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டு நியமிக்கலாம். அது வேலை கொடுப்பவரின் விருப்புரிமை. மறைத்தது தெரிந்தால், சின்னக் கேஸைவிட மறைத்ததே பெரிய குற்றமாகப் பேசப்படும்.

வளைகுடா போக நினைப்பவர்களுக்கு ஒரு கூடுதல் தடை. கோர்ட்டில் வழக்கு நிலுவையில் இருந்தால் 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2)(எஃப்) பிரிவு பாஸ்போர்ட் கிடைக்கக் குறுக்கே நிற்கும். அந்தக் கோர்ட்டிடமே அனுமதி வாங்க வேண்டும். உத்தரவில் காலம் குறிப்பிடாவிட்டால் பொதுவாக ஒரு வருட பாஸ்போர்ட்தான் கிடைக்கும். அனுமதி மனுவில் எத்தனை வருடம் வேண்டும் என்று எழுதச் சொல்லி வக்கீலை வற்புறுத்துங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

காசில்லாத சேவைக்கு ஐந்துக்கு நான்கு தரலாம். ஒன்றைக் குறைப்பது எஃப்.ஐ.ஆர். கட்டம் தெரியாததற்காகவும், வாய்தா விவரம் சில நேரம் தாமதமாக ஏறுவதற்காகவும். வாய்தா நாளுக்கு ஆப்பை மட்டும் நம்பி இருந்துவிட்டு வாரண்ட் வாங்கிக்கொள்ள வேண்டாம். கேஸ் முடிந்ததும் ஸ்கிரீன்ஷாட்டை ஆஸ்பத்திரி எச்.ஆர்.இடம் நீட்டினால் செல்லாது. நகல் மனு போட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். இரண்டு பிரதி கேட்டு வாங்கினால், மலைக்கும் கோர்ட்டுக்கும் இன்னொரு நடை மிச்சம்.