சென்னை வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரி: கையில காசு கம்மியா இருக்கறவங்களுக்கு

எங்க அக்காவுக்கு காது சுத்தமா கேக்காது, காலிங் பெல் அடிச்சாலோ குக்கர் விசில் வந்தாலோ மூக்கால இடிச்சு கூப்பிடறது எங்க லாப்ரடார் மணிதான், அதனால அவனுக்கு உடம்பு சரியில்லன்னா வீட்ல பாதி வேலை நின்னுரும். உண்ணிக் காய்ச்சல் வந்து சோறு தண்ணி இல்லாம படுத்துட்டான், பக்கத்துல ஒரு பிரைவேட் கிளினிக்ல போட்ட எஸ்டிமேட்ட பாத்து எனக்கே காய்ச்சல் வந்துருச்சு.

நேரா வேப்பேரிக்கு கூட்டிட்டு போனோம். 1903ல ஆரம்பிச்ச மெட்ராஸ் வெட்னரி காலேஜோட ஆஸ்பத்திரி இது, ஓபி சீட்டுக்கு பெருசா காசு இல்ல, வந்த ஆட்டோ கூலிதான் அதவிட ஜாஸ்தி (நாய்ன்னதும் ஆட்டோக்காரர் ரேட்ட ஏத்திட்டாரு). படிக்கற பசங்கதான் முதல்ல பாப்பாங்க, அப்புறம் புரொஃபசர் வந்து பாப்பாரு, ஒரே நாய ரெண்டு மூணு பேர் பாக்கறது எனக்கு நல்லதாதான் பட்டுச்சு. ரத்தம் எடுத்து பிளேட்லெட் பாத்தாங்க, டாக்ஸிசைக்ளின் எழுதுனாங்க. அது மனுஷங்களுக்கும் குடுக்கற மருந்துதான், அதனால டாக்டர்கிட்ட கேட்டுட்டு அவர் சொன்ன டோஸ்லயே மக்கள் மருந்தகத்துல ஜெனரிக் (பிராண்ட் பேர் இல்லாத அதே மருந்து) வாங்கிட்டேன், நல்லா மிச்சம். மூணு நாலு வாரம் விடாம குடுக்கணும், வெறும் வயித்துல குடுத்தா வாந்தி எடுக்கும், நடுவுல நிறுத்திடாதீங்க.

காலைலயே போயிடுங்க, பழைய சீட்டு, ஊசி போட்ட கார்டு எல்லாம் எடுத்துக்கோங்க, வாய்க்கூடு கட்டாயம், ஏன்னா பக்கத்துலயே பூனை, ஆடெல்லாம் உக்காந்திருக்கும். செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினம், அப்ப அரசு கால்நடை ஆஸ்பத்திரிகள்ல இலவசமா வெறிநாய் தடுப்பூசி முகாம் போடுவாங்க, விசாரிச்சு வச்சுக்கோங்க.